வெயிலில் பிறந்த பீர் வகைகள்

வெயில் காலத்தில் பீர் அருந்துவோர் அதனிடம் முதலில் எதிர்பார்ப்பது குளிர்ச்சியையே. அக்குளிர்ச்சி கூடக்கூடப் பானமும் சிறக்கும் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியிருப்பதற்கு, உறைநிலையை ஒட்டிய குளிரையே தங்கள் பீரின் பெருமையாக விளம்பரப்படுத்திவந்த பெருநிறுவனங்களும் ஒரு காரணம். ஆனால் கோடையில் அருந்துவதற்கென ஐரோப்பாவில் உருவான பீர் வகைகளில் பல, குளிர்பதன இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தோன்றியவை. அவை புளிப்பையும் நுரைப்பையும் குறைந்த ஆல்கஹாலையும் இனிப்பு எஞ்சாத முடிவையும் கொண்டே தாகத்துக்கு இதம் தந்தன. அழியும் நிலையிலிருந்த அவ்வகைகளைக் கிராஃப்ட் பீர் இயக்கம் மீட்டுத் தந்திருக்கும் இன்றைய நிலையில், அவற்றின் உண்மையான சுவையை அறிய விரும்புவோர் முதலில் கைவிட வேண்டியது குளிரைப் பற்றிய அந்தப் பழைய எண்ணத்தைத்தான்.

கிராஃப்ட் பீர் என்ற பெயருக்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான சட்ட வரையறை ஏதும் இல்லை. அமெரிக்காவின் புரூவர்ஸ் அசோசியேஷன் என்னும் பீர் உற்பத்தியாளர் சங்கம், ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் உற்பத்தி செய்யாததும், பெரும் மது நிறுவனங்களின் உரிமைப் பங்கு கால் பாகத்தை எட்டாததுமான ஆலையையே அப்பெயருக்குரியதாகக் கொள்கிறது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர் என்பதால் இந்த உச்சவரம்பு மிகவும் தாராளமானது. ஆகவே அளவைக் காட்டிலும் நோக்கத்தை வைத்து இப்பெயரைப் புரிந்துகொள்வதே பொருத்தம். ஒரே சுவையைப் பேரளவில் மலிவாகத் தருவதை விட்டு, ஓர் ஊரின் மரபையோ காய்ச்சுபவரின் கைத்திறனையோ முன்னிறுத்தும் பீர் என்று இதைச் சொல்லலாம்.

எந்தப் பீருக்கும் நீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்னும் நான்கே அடிப்படைப் பொருள்கள். வாற்கோதுமையையோ கோதுமையையோ ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதை அரைத்து வெந்நீரில் ஊறவிடும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பான சாறு உண்டாகிறது. அச்சாற்றை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கதிர்களோடு கொதிக்கவைத்தால் கசப்பும் மணமும் சேர்கின்றன. ஆறிய சாற்றில் இடப்படும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இந்த நொதித்தல் ஓரளவு வெதுவெதுப்பில் நடந்தால் பழ மணமும் மசாலா மணமும் கூடிய ஏல் வகையும், 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக நடந்தால் தெளிந்த, அடக்கமான சுவையுள்ள லாகர் வகையும் கிடைக்கின்றன.

வெப்பம் பீரை அருந்துபவருக்குத் தாகத்தைத் தந்தது போலவே, அதைக் காய்ச்சியவருக்குப் பெரும் தொல்லையையும் தந்தது. கோடையில் காற்றில் பெருகும் நுண்ணுயிர்கள் நொதிக்கும் சாற்றைக் கெடுத்துவிடும் என்பதை நுண்ணுயிரியல் தோன்றுவதற்கு முன்பே அனுபவத்தால் அறிந்திருந்த பவேரியாவில், 1553ஆம் ஆண்டு ஐந்தாம் ஆல்பிரெஷ்ட் கோமகன் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதையே தடைசெய்தார். இதனால் கோடை முழுவதற்கும் தேவையான பீரை மார்ச் மாதத்துக்குள் காய்ச்சி, சற்றே கூடுதல் ஆல்கஹாலும் ஹாப்ஸும் சேர்த்து, நிலவறைகளில் சேமிக்கும் வழக்கம் உருவாயிற்று. மெர்ட்சன் என்னும் பீர் வகை அந்த மார்ச் மாதத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மியூனிக் நகரில் இசார் ஆற்றங்கரை மேடுகளில் தோண்டப்பட்ட நிலவறைகளைக் குளிராக வைத்திருக்க, ஆலைக்காரர்கள் குளிர்காலத்தில் ஏரிகளிலும் ஆறுகளிலும் வெட்டியெடுத்த பனிக்கட்டிகளை உள்ளே அடுக்கினர். மேலே தரையில் சரளைக் கற்களைப் பரப்பி, அகன்ற இலைகளால் அடர்ந்த நிழல் தருவதும் வேர்கள் ஆழமாக இறங்கி நிலவறைக் கூரையைப் பிளக்காததுமான குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டனர். அந்த நிழலில் மேசைகளைப் போட்டு அங்கேயே பீர் விற்கத் தொடங்கியதும் நகரத்து விடுதிக்காரர்கள் தங்கள் பிழைப்புக் கெடுவதாக முறையிட்டனர். 1812 ஜனவரியில் முதலாம் மாக்ஸிமிலியன் யோசெஃப் மன்னர், நிலவறைகளில் கோடை மாதங்களில் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கக் கூடாது என்று ஆணையிட்டு இரு தரப்பாரையும் சமாதானப்படுத்தினார். பீர் தோட்டத்துக்கு வருவோர் வீட்டிலிருந்தே உணவு கட்டிக்கொண்டு வரும் பழக்கம் இதிலிருந்து நிலைபெற்றது. பவேரிய அரசு 1999இல் வெளியிட்ட பீர் தோட்ட விதிமுறையும், மர நிழலையும் சொந்த உணவைக் கொண்டுவந்து உண்ணும் உரிமையையும் பீர் தோட்டத்தின் அடையாளங்களாகக் கொள்கிறது. வெப்பத்தை வெல்ல எழுந்த ஒரு கட்டட உத்தி, ஒரு சமூகம் முழுவதும் கோடை மாலைகளில் கூடியமரும் இடமாக வளர்ந்திருப்பது பீரின் வரலாற்றில் மிக அழகான பகுதி.

வெட்டியெடுத்த பனிக்கட்டி கடல் கடந்தும் பயணம் செய்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். அவருடைய நிறுவனத்துக்காக 1840களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. நியூ இங்கிலாந்து ஏரிகளின் பனிக்கட்டியைக் கொண்டு வெள்ளையர் தம் பானங்களைக் குளிர்வித்த அக்காலத்தில், அவர்கள் அருந்திய பீரும் இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த, ஹாப்ஸ் மிகுந்த பேல் ஏல் என்னும் வகையாகவே பெரும்பாலும் இருந்தது. பேல் ஏல் என்பது வெளிர்நிற மால்டில் காய்ச்சப்படும் ஏல்.

பனிக்கட்டியையும் பருவத்தையும் பீர் ஆலைகள் நம்பியிருந்த நிலையை மாற்றியவர் ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் ஃபொன் லிண்டே. மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை உரிமையாளர் காப்ரியேல் செட்லமாயரின் ஆதரவோடு 1870களில் அவர் உருவாக்கிய குளிர்பதன இயந்திரம், ஆண்டின் எந்த மாதத்திலும் லாகர் காய்ச்சுவதைச் சாத்தியமாக்கியது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கும் முறையைக் கண்டறிந்ததும், ஒரே சுவையை எங்கும் எப்போதும் தரும் வல்லமை ஆலைகளுக்குக் கைவந்தது. நன்மை பெரிதுதான், இழப்பும் அதற்குக் குறைந்ததன்று. தெளிந்த, பொன்னிற, குளிர்ந்த லாகர் உலகை வென்ற அடுத்த நூறு ஆண்டுகளில், கோடைக்கென ஊர்தோறும் வளர்ந்திருந்த கலங்கலான, புளிப்பான, மணம் மிகுந்த பீர் வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறையலாயின.

பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே உள்ள ஹூகார்டன் என்னும் சிற்றூரின் கதை இதற்குத் தெளிவான சான்று. முளைகட்டாத கோதுமையையும் வாற்கோதுமை மால்டையும் கலந்து, கொத்தமல்லி விதையும் குராசோ ஆரஞ்சின் உலர்ந்த தோலும் சேர்த்துக் காய்ச்சப்படும் வெள்ளை பீருக்கு, அதாவது விட்பியருக்கு, ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த அவ்வூரின் கடைசி வெள்ளை பீர் ஆலை 1950களில் மூடப்பட்டது. சிறுவயதில் அந்த ஆலையில் உதவிக்கு நின்றவரும் பின்னர் பால் விற்பனையாளராக இருந்தவருமான பியேர் செலிஸ், ஊராரின் ஏக்கத்தைக் கண்டு 1960களின் நடுவில் தம் இல்லத்தை ஒட்டியே சிறு ஆலை அமைத்து அந்தப் பீரை உயிர்ப்பித்தார். 1985இல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் முதலீடு வேண்டிப் பெரிய நிறுவனத்தோடு சேர நேர்ந்த அவர், பிறகு அதை விட்டு விலகி, 1992இல் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் புதிய ஆலையைத் தொடங்கினார். அவர் 2011இல் மறைந்தபோது, ஒரு பால்காரரின் பிடிவாதத்தால் பிழைத்த வெள்ளை பீர் உலகின் பல நாடுகளில் கோடைப் பானமாக நிலைபெற்றிருந்தது. இந்தியாவிலும் 2010களில் பெங்களூரு போன்ற நகரங்களில் பெருகிய சிற்றாலைகள் கோதுமை பீர்களையே முன்னணியில் வைத்தன. 2015இல் வந்த பீரா 91இன் வெள்ளை பீரும் இம்மரபையே பின்பற்றியது. கொத்தமல்லி விதை தமிழர் அடுக்களைக்குப் புதிதன்று; ஆனால் வறுக்காமல் இலேசாக நசுக்கிக் கொதியின் இறுதியில் சேர்க்கும்போது அதிலிருந்து எழுவது குழம்பின் மணமன்று, எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் மணம் என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

கோதுமையைப் புளிப்போடு சேர்ப்பது வட ஜெர்மனியின் வழி. பெர்லினர் வைஸ என்னும் பீரில் ஈஸ்டுடன் லாக்டோபேசில்லஸ் என்னும் புளிப்பூட்டும் பாக்டீரியாவும் வேலை செய்கிறது. இட்லி மாவைப் பொங்கிப் புளிக்கச் செய்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே. ஆல்கஹால் 3 விழுக்காட்டை ஒட்டியும், கசப்பு ஏறக்குறைய இல்லாமலும், புளிப்பு எலுமிச்சைச் சாற்றுக்கு நெருக்கமாகவும் உள்ள இப்பீரில் ராஸ்பெர்ரிப் பாகையோ வால்ட்மைஸ்டர் என்னும் மூலிகைப் பாகையோ கலந்து, சிவப்பாகவோ பச்சையாகவோ அகன்ற கிண்ணக் குவளையில் பரிமாறுவது பெர்லின் வழக்கம். பாகு சேர்க்காமல் முதல் சில மிடறுகளை அருந்தினால்தான் கோதுமையின் மென்மையும் புளிப்பின் கூர்மையும் தனித்தனியே புலப்படும். அதன்பின் பாகு கலந்துகொள்வது அவரவர் விருப்பம்.

லைப்ட்சிக் நகரத்தின் கோஸ என்னும் பீர் இன்னும் ஒரு படி மேலே போய் உப்பையும் சேர்த்துக்கொள்கிறது. ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கோஸ்லார் நகரில் தோன்றி, அதனூடே ஓடும் ஆற்றின் பெயரைப் பெற்று, 18ஆம் நூற்றாண்டில் லைப்ட்சிக்கில் குடியேறிய இந்தப் பீர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் படிப்படியாகத் தேய்ந்து, அதைக் காய்ச்சிவந்த கடைசி ஆலையும் 1960களில் மூடப்பட்டதும் முற்றாக நின்றுபோனது. 1980களில் லோதர் கோல்ட்ஹான் என்பவர் லைப்ட்சிக்கின் பழைய கோஸ விடுதி ஒன்றைப் புதுப்பித்து, முதியவர்களின் நினைவிலிருந்த சுவையை விசாரித்தறிந்து, கிழக்கு பெர்லின் ஆலை ஒன்றில் அதை மீண்டும் காய்ச்ச வைத்தார். அதன்பின் அமெரிக்காவின் சிற்றாலைகள் இதைக் கையிலெடுத்து, பழங்கள் சேர்த்தும் சேர்க்காமலும் நூற்றுக்கணக்கான வடிவங்களில் கோடைதோறும் வெளியிட்டுவருகின்றன. நல்ல கோஸவில் உப்பு தனியே நாவில் உறைக்கக் கூடாது. கொத்தமல்லியின் மணத்தையும் தானியத்தின் சுவையையும் தூக்கிக்காட்டி, அடுத்த மிடற்றை விரும்பச் செய்யும் அளவோடு நிற்க வேண்டும். பழச்சாற்றின் இனிப்பால் இச்சமநிலையை மூடிவிடும் புதிய வடிவங்கள் பல விற்பனையில் வென்றாலும் கோஸவின் இயல்பை இழந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

கோடை பீர்களில் ஆழமானது எது என்று கேட்டால் செய்சோனைத்தான் சுட்ட வேண்டும். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசப்படும் வலோனியாப் பகுதியின் எய்னோ மாநிலத்துப் பண்ணைகளில், வேளாண்மை வேலை குறைந்த குளிர்காலத்தில் காய்ச்சப்பட்டு, கோடையில் வயலில் உழைக்கும் கூலியாட்களுக்கு வழங்கப்பட்ட பீர் இது. பல மாதங்கள் கெடாமலிருக்க ஹாப்ஸையும், வெயிலில் உழைப்பவரைத் தள்ளாட வைக்காமலிருக்கக் குறைந்த ஆல்கஹாலையும் அது நம்பியிருந்தது; பண்ணையில் விளைந்த எந்தத் தானியமும் அதில் சேரலாம் என்பதால் ஊருக்கு ஊர் சுவை மாறியது. இவ்வகையின் முன்மாதிரியாக இன்று மதிக்கப்படும் செய்சோன் டுபோன், தூர்ப் என்னும் சிற்றூரின் டுபோன் ஆலையில் காய்ச்சப்படுகிறது; ஆல்கஹால் 6.5 விழுக்காடு என்பதால் பழைய வயற்பீரைவிட வலியது. அந்த ஆலையின் ஈஸ்ட் பிற ஆலைகள் அஞ்சும் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் செழித்து, சர்க்கரையை ஏறக்குறைய மிச்சமின்றி உண்டுவிடுகிறது. இனிப்பு எஞ்சாத அந்த முடிவையே சுவைப்போர் வறட்சி என்கின்றனர். மிளகையும் எலுமிச்சைத் தோலையும் காய்ந்த வைக்கோலையும் நினைவூட்டும் மணம், சீறி எழும் நுரை, நாவைத் துடைத்துவிட்டது போன்ற முடிவு ஆகிய மூன்றும் சேரும்போது, வெப்பத்தைக் கண்டு அஞ்சாமல் அதையே கருவியாக்கிக்கொண்ட பீர் ஒன்று இருப்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறாக, பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள லாம்பிக் ஆலைகள் இன்றளவும் கோடையில் காய்ச்சுவதில்லை. கொதித்த சாற்றை அகன்ற தாழ்ந்த தொட்டியில் இரவு முழுவதும் திறந்துவைத்து, காற்றிலும் கட்டடத்திலும் உறையும் காட்டு ஈஸ்ட்களே அதை நொதிக்கவிடுவது அவற்றின் முறை. இரவுக் காற்று போதிய அளவு குளிர்ந்திருந்தால்தான் தீங்கான நுண்ணுயிர்கள் அடங்கியிருக்கும். காலநிலை மாற்றத்தால் இத்தகைய இரவுகள் குறைந்துவருவது அவ்வாலைகளின் நிலையான கவலை. ஹாப்ஸ் விளைச்சலுக்கும் இதே ஆபத்து உண்டு: 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, ஐரோப்பிய ஹாப்ஸ் விளைச்சல் 2050க்குள் 4 முதல் 18 விழுக்காடு வரையும், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்கள் 20 முதல் 31 விழுக்காடு வரையும் குறையலாம் என்று மதிப்பிட்டது.

மறைந்துகொண்டிருந்த இவ்வகைகளுக்கு மறுவாழ்வு அளித்த இயக்கத்தின் தொடக்கமாக, 1965இல் ஃபிரிட்ஸ் மேடேக் சான் பிரான்சிஸ்கோவின் நொடித்த ஆங்கர் ஆலையை வாங்கியதைச் சொல்வது வழக்கம். ஜாக் மெக்ஆலிஃப் 1976இல் கலிபோர்னியாவில் நிறுவிய நியூ ஆல்பியன் சில ஆண்டுகளே நீடித்தாலும் பின்வந்த சிற்றாலைகளுக்கு வழிகாட்டிற்று. இங்கிலாந்துப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன் 1977இல் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டி நூல், பீர்களை வகைவகையாகப் பிரித்துப் பெயரிட்டு விளக்கியதால், தங்கள் ஊரில் கிடைக்காத பீரைப் பற்றிப் படித்தே அதைக் காய்ச்ச முனைந்த ஒரு தலைமுறை உருவாயிற்று.

ஒரு பானம் வெயிலில் ஏன் இதமளிக்கிறது என்பதற்குக் குளிர் ஒரு காரணம் மட்டுமே. புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கச் செய்து வறண்ட வாயை ஈரப்படுத்துகிறது. கரியமில வாயுவின் குத்தல் வெறும் குமிழி வெடிப்பன்று. நாவில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதிப்பொருள் அவ்வாயுவை அமிலமாக மாற்றுவதைப் புளிப்பறியும் செல்களே உணர்கின்றன என்பது 2009இல் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. வழக்கமான லாகரைவிடக் கோதுமை பீரிலும் செய்சோனிலும் வாயு கூடுதலாக இருப்பதால்தான் அவை நாவில் எடையற்றுத் தோன்றுகின்றன. இதற்கு மாறாக எஞ்சிய சர்க்கரை நாவில் படிந்து தாகத்தை நீட்டிக்கிறது. மிகுந்த ஆல்கஹால் தொண்டையில் சூட்டை உண்டாக்குகிறது. நூறு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிலிட்டர் ஆல்கஹால் என்பதைக் காட்டும் விழுக்காடு புட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கோடைப் பகலுக்கு அது 5ஐத் தாண்டாதிருப்பது நலம்.

மட்டுமீறிய குளிர் இந்த நுட்பங்களையெல்லாம் மறைத்துவிடுகிறது. மணம் என்பது நீர்மத்திலிருந்து ஆவியாகி மூக்கை அடையும் மூலக்கூறுகளால் ஆனது. வெப்பநிலை தாழ்ந்தால் அவை குறைவாகவே எழும்புகின்றன. குளிரில் இனிப்பை உணரும் திறனும் மந்தமாகிவிடுவதால் மால்டின் இனிமை பின்வாங்கி, பீர் வெறுமையாகத் தோன்றுகிறது. சுவை குறைந்த பீருக்கு இது சாதகம். உழைத்து உருவாக்கிய பீருக்கு அநீதி. வெளிர் லாகருக்கும் பெர்லினர் வைஸவுக்கும் 4 முதல் 7 டிகிரியும், பவேரியக் கோதுமை பீருக்கும் விட்பியருக்கும் 6 முதல் 8 டிகிரியும், செய்சோனுக்கு 8 முதல் 10 டிகிரியும் பொருந்தும். வெப்பமானி தேவையில்லை, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த செய்சோனைக் கால் மணி நேரம் நிழலில் வைத்திருந்தால் போதும். 35 டிகிரி வெயிலில் அதற்கும் குறைந்த நேரத்திலேயே அது பதமாகிவிடும். ஆகவே சற்றுக் கூடுதல் குளிரோடு தொடங்கி, குவளையில் வெப்பம் ஏறும்போது மணம் படிப்படியாக விரிவதைக் கவனிப்பதே கோடையில் பீர் சுவைப்பதன் இன்பம்.

உறைபெட்டியில் வைத்துப் பனிபூத்த குவளை பார்வைக்கு அழகானது, சுவைக்கு எதிரி. அதன் சுவரில் படிந்த பனித்துகள்கள் வாயுவைத் தாறுமாறாக வெளியேற்றிப் பொங்கி வழியச் செய்வதோடு, உருகிப் பீரில் நீரைக் கலக்கவும் செய்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் இல்லாமல் கழுவிய குவளையை ஊற்றுவதற்குச் சற்றுமுன் குளிர்ந்த நீரில் அலசினாலே போதும். குவளையைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றத் தொடங்கி, பாதிக்குமேல் நிமிர்த்தி இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழச் செய்வது பொதுவான முறை. நுரை மணத்தைத் தாங்குவதோடு வாயு விரைந்து வெளியேறாமலும் தடுக்கிறது. பவேரியக் கோதுமை பீரில் அடியில் படிந்த ஈஸ்டும் சுவையின் பகுதி என்பதால், கடைசிச் சிறு அளவைப் புட்டியிலேயே சுழற்றிக் கலக்கி நுரையின் மேல் ஊற்றுகின்றனர். அந்த ஈஸ்ட் தரும் வாழைப்பழ மணத்துக்கு ஐசோஅமைல் அசிடேட் என்னும் சேர்மமும், கிராம்பு மணத்துக்கு 4-வினைல் குவயகால் என்னும் சேர்மமும் காரணம். பழமோ மசாலாவோ ஒரு துளியும் சேர்க்கப்படுவதில்லை.

ஊற்றியவுடன் முகர்வது முதல் வேலை, ஏனெனில் மென்மையான மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். சிறு மிடறை வாயெங்கும் பரவவிட்டு விழுங்கியபின் மூக்கின் வழியே மூச்சை விட்டால், தொண்டைப் பின்புறமாக மூக்கை அடையும் மணத்தையும் உணரலாம். சுவை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுவே. பல வகைகளை ஒரே அமர்வில் ஒப்பிடுவோர், ஆல்கஹாலும் கசப்பும் குறைந்ததிலிருந்து மிகுந்ததை நோக்கிச் செல்வதும், இடையிடையே தண்ணீர் அருந்துவதும், ஒவ்வொன்றிலும் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றாதிருப்பதும் நல்லது. சிறு அளவின் நன்மையைக் கொலோன் நகரத்தார் நன்கறிவர். அங்கே ஏல் ஈஸ்டால் நொதித்துக் குளிரில் பதப்படுத்திய கொல்ஷ் என்னும் பீர், 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒல்லியான நேர்க்குவளையில் வருகிறது. தீர்ந்தவுடன் பரிமாறுபவர் கேளாமலே அடுத்ததை வைத்து அட்டையில் ஒரு கோடு கிழிக்கிறார், போதும் என்பவர் குவளையின் மேல் அட்டையை வைத்து மூடிவிடுகிறார். ஒரு லிட்டர் குவளையின் அடிப்பாதி வெயிலில் சூடேறிச் சப்பிட்டுப்போவதற்கு இதைவிடச் சிறந்த மாற்று இல்லை.

வாங்கியதைக் காப்பதும் சுவையின் பகுதியே. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டுச் சிதைந்தால் வட அமெரிக்காவின் ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உண்டாகிறது. நேரடி வெயிலில் சில நிமிடங்களே இதற்குப் போதும். பழுப்புப் புட்டி இதைப் பெருமளவு தடுக்கிறது, பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் தடுப்பதில்லை, உலோகக் கேனில் அடைத்தது முற்றிலும் பாதுகாப்பானது. வெப்பமும் அவ்வாறே கெடுக்கும்: 32 டிகிரியில் 3 நாளும், 22 டிகிரியில் 30 நாளும், 3 டிகிரியில் 300 நாளும் பீருக்கு ஏறத்தாழ ஒரே அளவு முதுமையைத் தருகின்றன என்பது பீர் ஆலைத் துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. முதுமையடைந்த பீரில் ஈர அட்டையின் வாடை வீசும். ஆகவே அடைத்த தேதியைப் பார்த்து வாங்குவதும், குளிரில் வைத்திருக்கும் கடையில் வாங்குவதும், காரில் விட்டுவைக்காதிருப்பதும் அவசியம்.

பீர் உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் என்ற நம்பிக்கை தவறானது. ஆல்கஹால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை அடக்குவதால், வியர்வையில் ஏற்கெனவே நீரிழந்த உடல் மேலும் நீரிழக்கிறது. வெயிலில் நின்று வலிய பீர் அருந்துவது மயக்கத்துக்கும் வெப்பத் தாக்குதலுக்கும் வழிவகுக்கும். மேலும் ஆல்கஹாலுக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. தாகத்தை முதலில் தண்ணீரால் தணித்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் நிழலில் அமர்ந்து, உணவோடு சிறிதளவே அருந்துவது ஒன்றே அறிவுடைய வழி. வாகனம் ஓட்டுபவருக்கும் கருவுற்றவருக்கும் அதுவும் ஆகாது. பீரில் எலுமிச்சைப் பானத்தைச் சரிபாதி கலந்த ராட்லர் ஜெர்மனியில் ஆல்கஹாலைக் குறைக்கும் வழியாக நெடுநாளாக வழங்கிவருகிறது. ஆல்கஹால் அரை விழுக்காட்டுக்கு மேற்படாத கோதுமை பீர்களும் அங்கே மிகவும் தேர்ந்த சுவையோடு கிடைப்பதால், ஓட்டப் பந்தயங்களின் முடிவில் வீரர்களுக்கு அவை வழங்கப்படுவது இயல்பான காட்சி.

கோடை பீர்கள் உணவோடு சேரும்போதே முழுமை பெறுகின்றன. பவேரியப் பீர் தோட்டங்களில் வெள்ளை முள்ளங்கியைச் சுருளாகச் சீவி உப்பிட்டுச் சிறிது நேரம் நீர்விட வைத்து உண்பதும், ஒபாட்ஸ்டா என்னும் மிளகாய்த்தூள் கலந்த பாலாடைக்கட்டிப் பிசைவை ரொட்டியில் தடவி உண்பதும் வழக்கம். பெல்ஜியத்தில் வெள்ளை பீரிலேயே வேகவைத்த சிப்பியோடு அதே பீரை அருந்துகின்றனர். காரமான உணவுக்குத் தேர்வு சற்றுக் கவனம் கோருகிறது: மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் மிகுந்த கசப்பும் கூட்டுவதால், ஹாப்ஸ் நிறைந்த இந்தியா பேல் ஏல் அதற்குத் துணை என்ற பரவலான கருத்து நாவின் அனுபவத்தோடு ஒத்துப்போவதில்லை. மிளகாய் தூக்கலான மீன் வறுவலுக்கு, கசப்புக் குறைந்து கோதுமையின் மென்மையோடு இருக்கும் வெள்ளை பீரே நன்றாகப் பொருந்தும். எலுமிச்சை பிழிந்த வறுத்த இறாலுக்கோ உப்பும் புளிப்பும் கூடிய கோஸ எடுப்பாக இருக்கும். மிளகு தூவிய கோழி வறுவலுக்குச் செய்சோனைக் காட்டிலும் நல்ல துணையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் அதன் ஈஸ்ட் தரும் மிளகு மணமும் வறுவலின் மிளகும் ஒன்றையொன்று வளர்க்கின்றன, வறண்ட முடிவோ எண்ணெயை நாவிலிருந்து நீக்கிவிடுகிறது.